கிரைண்டர், ட்ரில், ரம்பம்: சுவிட்சை அழுத்தும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டு வேலைக்காக ஓர் ஆங்கிள் கிரைண்டர், ஒரு ஹேமர் ட்ரில், கையில் பிடித்து ஓட்டும் ஒரு வட்ட ரம்பம் என்று மூன்று மெஷின்களை வாங்கியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருப்பவை நான்கு. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டால் போதுமா? வீலைச் சுற்றி மூடியிருக்கும் கார்டு வெட்டும் இடத்தை மறைக்கிறதே, பலர் செய்வதுபோல் அதைக் கழற்றிவிடலாமா? கிரைண்டரிலேயே பல் வைத்த பிளேடு மாட்டி மரம் அறுக்கலாமா? 14 வயது மகன் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான், விடலாமா?

போதாது. கழற்றக் கூடாது. மாட்டவே கூடாது. மகனுக்குச் சில மெஷின்களைக் கொடுக்கலாம், சிலவற்றை இப்போது கொடுக்க வேண்டாம். இனி காரணங்களைச் சொல்கிறேன். காரணம் பிடிபட்டால் நான் இங்கே சொல்லாத வேலையிலும் நீங்களே சரியாக முடிவெடுப்பீர்கள்.

மெஷினில் அடிபட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் "கை தவறிவிட்டது" என்பார்கள். நான் பார்த்த காயங்களில் பல, நன்றாகக் கவனித்து வேலை செய்துகொண்டிருந்தபோதே வந்தவை. கம்பியின் வெட்டு வாய் மூடி வீலைக் கவ்வியது, பலகை தொய்ந்து பிளேடைப் பிடித்தது, ட்ரில் பிட் சுவருக்குள் இரும்புக் கம்பியில் மாட்டியது. சுற்றிக்கொண்டிருப்பது ஒன்று சட்டென்று நின்றால், அதுவரை அதைச் சுற்றிய சக்தி மெஷினையே தூக்கி எறியும் அல்லது முறுக்கும். ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கேட்க வேண்டியது இதுதான்: இது இப்போது சிக்கினால் மெஷின் எந்தப் பக்கம் பாயும், அந்த வழியில் என் முகமோ கழுத்தோ தொடையோ இன்னொரு கையோ இருக்கிறதா?

சிக்கிய பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை அசைய ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். சிறிய ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடுவது, அந்த 0.2 நொடியில் வீல் 36 சுற்றுக்கு மேல் முடித்திருக்கும். 40 பல் உள்ள ரம்பம் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடினால், அதே நேரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பற்கள் ஒரே இடத்தைத் தாண்டியிருக்கும். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் உருவாக்கிய சாஸ்டாப் மேசை ரம்பம் இதை வேறு வழியில் சமாளிக்கிறது. பிளேடில் சிறிய மின்சமிக்ஞை ஒன்று எப்போதும் ஓடும். விரல் பட்டதும் சமிக்ஞை மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பிளேடின் பற்களுக்குள் பாய்ந்து 5 மில்லிநொடிக்குள் அதை நிறுத்திவிடும். விரலைக் காப்பாற்ற அந்த வேகம் தேவைப்படுகிறது. நம் கை அதைவிட 40 மடங்கு மெதுவானது. எனவே நம்மைக் காப்பது சுவிட்ச் போடும் முன்பே செய்துவைத்த ஏற்பாடு மட்டும்தான்.

மூன்றில் ஆபத்து அதிகமானது கிரைண்டர். சிறியது, ஒரு கையில் அடங்குகிறது, அதனாலேயே மதிப்பு குறைந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெட்டும் வீல் என்பது உரசும் மணிகளை ரெசினால் ஒட்டி, உள்ளே கண்ணாடியிழை வலை வைத்து அழுத்திய மெல்லிய தட்டு. 100 மில்லிமீட்டர் வீல் 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தில் கிளம்பும். அவற்றுக்கும் உங்கள் கழுத்துக்கும் நடுவில் இருப்பது கார்டு மட்டும்தான். மூடிய பக்கம் உங்களைப் பார்த்தபடி அதைத் திருப்பி இறுக்குங்கள். வெட்டும் கோடு தெரியவில்லை என்றால் கோட்டைத் தடிமனாகப் போடுங்கள், வேலைப் பொருளைத் திருப்பி வையுங்கள், பக்கத்திலிருந்து பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: கிரைண்டரோடு வரும் கார்டு பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்திருக்கும், அது தேய்க்கும் வேலைக்கானது. வெட்டும் வேலைக்கு இரண்டு பக்கமும் மூடிய கார்டு தேவை. பல மெஷின்களுக்கு அதைத் தனியாகவோ, இருக்கும் கார்டின் மேல் மாட்டும் மூடியாகவோ வாங்கலாம்.

கார்டைக் கழற்றுபவர்கள் எல்லோரும் பார்வைக்காகக் கழற்றுவதில்லை. சிலர் பெரிய வீல் மாட்டுவதற்காகக் கழற்றுகிறார்கள். இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. சாதாரண வெட்டு வீல்கள் விளிம்பு வேகத்தில் நொடிக்கு 80 மீட்டர் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. 180 மில்லிமீட்டர் வீலை 11,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு நொடிக்கு 103 மீட்டரைத் தாண்டும். வேகம் 30 சதவீதம் கூடினாலே வீலைப் பிய்க்கும் விசை ஏறத்தாழ 70 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. வீலின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது), மெஷினின் பெயர்ப்பலகையில் உள்ள ஆர்பிஎம்மைவிட அதிகமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும். பெரிய மெஷினில் ஓடித் தேய்ந்து சிறியதாகிப்போன வீலையும் சின்ன மெஷினில் மாட்டாதீர்கள். அது அந்த ஆர்பிஎம்முக்குச் செய்ததல்ல.

வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது காலாவதி நாள்; ரெசின் ஈரத்தை இழுத்து மெல்ல வலுவிழக்கும் என்பதால், தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்ற கணக்கில் போடுவது. ஈரமான மூலையில் கிடந்த வீல், கீழே விழுந்த வீல், ஓரம் சிதைந்த வீல் எல்லாம் குப்பைக்கு. வீலின் விலை கொஞ்சம்தான், அதை மிச்சம் பிடிக்க வேண்டாம். துளை மெஷினுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். வாஷரோ சுற்றிய டேப்போ வைத்து இடைவெளியை அடைத்தால் வீல் மையம் தவறி ஓடும். புது வீல் மாட்டியதும் ஆள் இல்லாத பக்கம் திருப்பி அரை நிமிடம் சும்மா ஓட விடுங்கள். குறையுள்ள வீல் பெரும்பாலும் அப்போதே உடைந்துவிடும்.

ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்டு வீலின் பக்கவாட்டில் பிசிர் தேய்ப்பது பலருக்குப் பழக்கம். வெட்டி முடித்த கையோடு "அப்படியே ஒரு இழுப்பு" என்று தேய்ப்பார்கள். அந்த வீல் தன் தளத்துக்குள் வரும் அழுத்தத்தைத் தாங்கும். பக்கத்திலிருந்து வளைத்தால் தாங்காது. தேய்க்கத் தனி வீல் இருக்கிறது, இல்லையென்றால் அரம் இருக்கிறது.

சரி, மெஷின் எப்படி உதைக்கிறது? ஒரு குழாயின் இரண்டு முனைகளையும் கட்டைகள் மேல் வைத்து நடுவில் வெட்டுகிறீர்கள் என்று வையுங்கள். வெட்டு ஆழமாக ஆக நடுப்பகுதி தன் எடையிலேயே தொய்யும், வெட்டு வாய் மேலே மூடும், வீலை இருபுறமும் கவ்வும். அப்போது வீல் சுற்றும் திசைக்கு நேர் எதிராக மெஷின் எகிறும். இதைத் தவிர்ப்பது எளிது. குழாயை ஒரு பக்கம் கிளாம்பிலோ வைஸிலோ இறுக்கி, பிடிமானத்துக்கு வெளியே வெட்டுங்கள். வெட்டுப்படும் துண்டு சுதந்திரமாகக் கீழே தொங்கினால் வாய் திறந்துகொண்டே போகும். துண்டு கனமாக இருந்தால் திடீரென்று காலில் விழாதபடி கீழே ஒரு தாங்கல் வையுங்கள், ஆனால் அது துண்டை மேல்நோக்கித் தள்ளக் கூடாது. ஒருவர் கையால் பிடிக்க, இன்னொருவர் வெட்டுவதும் வேண்டாம். பிடிப்பவரின் கை அசைந்தாலே வீல் சிக்கும்.

நிற்கும் இடமும் முக்கியம். வீல் இருக்கும் தளத்தை ஒரு பெரிய கண்ணாடித் தகடு போல முன்னும் பின்னும் மேலும் கீழும் நீட்டிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தத் தகடு உங்கள் தலையையோ உடம்பையோ தொடாத இடத்தில் நின்று வெட்டுங்கள். பக்கக் கைப்பிடியை மாட்டி, எப்போதும் இரண்டு கையாலும் பிடியுங்கள். தோளுக்கு மேலே தூக்கி வெட்டுவது, ஏணியில் நின்று வெட்டுவது இரண்டும் கூடாது. அங்கே மெஷின் உதைத்தால் முகத்துக்கு வரும், முகத்தில் படாவிட்டாலும் அதிர்ச்சியில் நீங்கள் விழுவீர்கள். வெட்டின் நடுவில் நிறுத்தினால், வெட்டு வாய்க்குள் வீலை வைத்தபடியே மீண்டும் சுவிட்ச் போடாதீர்கள். வெளியே எடுத்து, முழு வேகம் வந்த பின் உள்ளே இறக்குங்கள்.

மர பிளேடு கேள்விக்கு இப்போது பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். வெட்டு வீல் பொருளைப் பொடிப்பொடியாக உரசி எடுக்கிறது. பல் வைத்த பிளேடோ கடித்து எடுக்கிறது. மரத்தில் ஒரு முடிச்சிலோ ஆணியிலோ அந்தப் பல் மாட்டினால் முழு விசையும் அந்த ஒரு நொடியில் திரும்புகிறது. வட்ட ரம்பத்தில் இதற்காகவே அகலமான அடித்தட்டும், தானாக மூடிக்கொள்ளும் கீழ்க் கார்டும், அந்த பிளேடுக்கு ஏற்ற வேகமும் உண்டு. கிரைண்டரில் இவை எதுவும் இல்லை. மேலும் 11,000 சுற்று என்பது பல மர பிளேடுகளின் உச்ச வேகத்தைத் தாண்டியது. சங்கிலி ரம்பத்தின் சங்கிலியைத் தட்டில் சுற்றிய "செதுக்கும் டிஸ்க்" என்று ஒன்று கிடைக்கிறது, அதையும் வாங்காதீர்கள். வாங்கி வைத்திருந்தால் யாரும் எடுத்து மாட்ட முடியாதபடி உடைத்துப் போடுங்கள். டைல்ஸ் வெட்டும் மெஷினில் மர பிளேடு மாட்டுவதும் இதே கதைதான்.

கிரைண்டரின் சுவிட்சையும் பாருங்கள். தள்ளினால் பூட்டிக்கொள்ளும் வகை என்றால், கை நழுவினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போய்விட்டால் மெஷின் நிற்கும், நாம் அப்படியே தரையில் வைத்துவிட்டுப் போவோம், மின்சாரம் திரும்பியதும் அது தானாகச் சுற்றித் தரையில் ஓடத் தொடங்கும். மின்சாரம் போனதும் சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்குவதை அனிச்சையாக்கிக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் சுவிட்சும், தானாக மீண்டும் ஓடாத பாதுகாப்பும் உள்ள மாடல்கள் கிடைக்கின்றன. அடுத்த முறை வாங்கும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். அணைத்த பிறகும் வீல் பல நொடிகள் சுற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. நிற்கும்வரை கையிலேயே இருக்கட்டும்.

தீப்பொறி பறப்பது அழகாக இருக்கும், ஆனால் அது சிவக்கக் காய்ந்த இரும்புத் துகள். பல மீட்டர் தூரம் போகும். வெல்டிங், வெட்டும் வேலைகளுக்கான பொதுவான விதி, சுமார் 11 மீட்டர் தூரத்துக்குள் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது. அகற்ற முடியாததைத் தீப்பிடிக்காத துணியால் மூட வேண்டும். மரத்தூள் குவியலுக்குள்ளோ பழைய துணிக்குள்ளோ விழுந்த பொறி உள்ளேயே கனன்று, நீங்கள் போன பிறகு பற்றும். வேலை முடிந்து அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், அந்த இடத்தைக் கண்காணியுங்கள். பெட்ரோல், தின்னர், எண்ணெய் வைத்திருந்த பீப்பாயை "காலிதானே" என்று வெட்டாதீர்கள். திரவம் தீர்ந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், அதுதான் வெடிக்கும். இது பல உயிர்களைக் குடித்த வேலை.

வட்ட ரம்பத்துக்கு வருவோம். அங்கும் வாய் மூடுவதுதான் எதிரி. நீளப் பலகையை அறுக்கும்போது தாங்கல் வெட்டுக் கோட்டின் இருபுறமும் அருகில் இருக்க வேண்டும், கடைசியில் விழும் துண்டு பிளேடைக் கவ்வாமல் விலக வேண்டும். பிளேடு பலகைக்குக் கீழே ஒரு பல்லின் உயரத்துக்கு மேல் நீட்டாதபடி ஆழத்தை வையுங்கள். கீழ்க் கார்டு ஸ்பிரிங் விசையில் தானாக மூட வேண்டும். அதைக் கட்டையோ கம்பியோ சொருகித் திறந்தே வைத்தால், அறுத்து முடித்து மெஷினைத் தொடைப் பக்கம் இறக்கும்போது பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். பலகையின் அடியில் கை கொடுத்துத் தாங்காதீர்கள். மெஷின் உதைத்தால் பலகையிலிருந்து எகிறி உங்களை நோக்கிப் பின்னால் வரும், அதனால் வெட்டுக் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். மழுங்கிய பிளேடு கூர்மையானதைவிட ஆபத்தானது; அழுத்த வேண்டியிருக்கும், சூடாகும், சிக்கும்.

ஒருநாள் மேசை ரம்பத்துக்குப் போவீர்கள் என்றால் அதற்கு ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுக் கத்தியைக் கழற்ற வேண்டாம். பிளேடின் பின்பக்கப் பற்கள் மேலே ஏறும் பற்கள். மரம் அதில் உரசினால் தூக்கி உங்கள் வயிற்றை நோக்கி வீசும். அந்தச் சிறு தகடுதான் அதைத் தடுக்கிறது.

ட்ரில்லைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆனால் ஹேமர் ட்ரில்லின் பிட் கான்கிரீட்டுக்குள் கம்பியில் மாட்டும்போது, பிட் நின்று மெஷின் சுற்றும், மணிக்கட்டு முறுக்கும். பக்கக் கைப்பிடி அதற்காகத்தான். விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும்படி லாக் பட்டனை அழுத்தி வைக்காதீர்கள். தகட்டில் துளை போடும்போது ஆபத்தான நேரம் பிட் மறுபக்கம் வெளிவரும் கணம். அங்கேதான் அது கடித்துத் தகட்டைச் சுழற்றும். கையால் பிடித்த சிறு தகடு அப்போது கத்தியாக மாறிவிடும். தகட்டை மரக்கட்டை மேல் வைத்துக் கிளாம்ப் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், வெளிவரும் நேரத்தில் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். பிட்டை இறுக்கியதும் சக் சாவியை உடனே எடுத்துவிடுங்கள். சுவரில் துளைக்கும் முன் சுவிட்ச் பெட்டிகளுக்கு நேர் மேலும் கீழும், பக்கவாட்டிலும் வயர் போயிருக்கலாம் என்று எண்ணுங்கள், குழாய் இருக்கும் இடத்தையும் யோசியுங்கள். வயர் காட்டும் கருவி ஒன்று இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மெஷினின் உலோகப் பகுதியைத் தொடாமல் பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடியுங்கள்.

கையுறை பற்றிக் கேட்டீர்கள். நிறைய பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் இது. சுற்றும் பிட், சுற்றும் கட்டர், லேத் பக்கத்தில் துணிக் கையுறை ஒரு தூண்டில். ஒரு நூல் மாட்டினால் கையுறையோடு விரலும் உள்ளே போகும், வெறுங்கையாக இருந்தால் தோல் மட்டும் கிழிந்திருக்கும். ட்ரில்லுக்கும் ரம்பத்துக்கும் கையுறை வேண்டாம். கிரைண்டரில் பொறியும் பிசிரும் கையைச் சுடும் என்பதால் விரலோடு ஒட்டிய தோல் கையுறை பயனுள்ளது, தொளதொளப்பானது கூடாது. மோதிரம், கைக்கயிறு, கழுத்துச் சங்கிலி, தொங்கும் அடையாள அட்டை, தொங்கும் துணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நீளமான முடியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வாருங்கள். மோதிரம் மாட்டினால் விரலின் தோலையும் சதையையும் உரித்துக்கொண்டு வரும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு பெரிய தவறான நம்பிக்கை உண்டு: எம்சிபி இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்பது. எம்சிபி என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்; அது வயரைக் காப்பது. 16 ஆம்பியர் எம்சிபி அந்த அளவுக்கு மேல் போனால்தான் விழும். உங்கள் உடம்பு வழியாகப் போவது அதில் சிறு துளி. அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் மனிதர்களிடம் அளந்து பார்த்தபோது, கையை விட முடியாமல் ஒட்டிக்கொள்ளச் செய்யும் மின்னோட்டம் ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு அதைவிடக் குறைவு என்று தெரிந்தது. அதாவது எம்சிபியின் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 1961-இல் அவர் உருவாக்கியதுதான் மனிதரைக் காக்கும் கசிவு நிறுத்தி. நம்மிடம் ஆர்சிசிபி என்று கிடைப்பது அதே வேலையைச் செய்கிறது. 30 மில்லிஆம்பியர் கசிந்தால் துண்டிக்கும் ஒன்று உங்கள் வேலை இடத்துக்குக் கண்டிப்பாக வேண்டும், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஈரத்தோடு வேலை செய்தால் இது இல்லாமல் தொடவே கூடாது.

மெஷினின் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, இரண்டு பின் ப்ளக் போதும். அந்தக் குறி இல்லாமல் மூன்று பின் வந்தால் எர்த் பின்னை வெட்டி இரண்டு பின்னாக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்து ஓட்டினால் சுருளின் நடு சூடேறி உறை உருகும். முழுதும் அவிழ்த்துவிடுங்கள். டேப் சுற்றிய ஒட்டு, விரிசல் விட்ட உறை இருந்தால் வயரையே மாற்றுங்கள். வயர் எப்போதும் வீலுக்குப் பின்னால், தோள் பக்கமாக இருக்கட்டும். வீல், பிளேடு, பிட் மாற்றும் முன் சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கைக் கையால் பிடுங்கி உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியை எடுங்கள். அந்த பேட்டரி கீழே விழுந்து நசுங்கியிருந்தால் அல்லது ஊதியிருந்தால் மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள்.

கண்ணுக்கு, சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அடியில், அதன் மேல் முகக் கவசம் என்று இரண்டும் கிரைண்டருக்கு வேண்டும். முகக் கவசம் மட்டும் போட்டால் கீழேயிருந்து துகள் ஏறும். வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றும் முன் தலையைக் குனிந்து முடியையும் புருவத்தையும் உதறுங்கள். பலருக்குத் துகள் கண்ணில் விழுவது அப்போதுதான். கம்பி பிரஷ் வீல் மாட்டினால் தெறித்த கம்பி ஊசிபோலத் தைக்கும். கண்ணில் இரும்புத் துகள் பட்டால் தேய்க்கவோ துணி முனையால் எடுக்கவோ கூடாது, கண் மருத்துவரிடம் போங்கள். கண்ணுக்குள் இரும்பு தங்கியிருக்கும் ஒருவரை எம்ஆர்ஐ ஸ்கேனில் படுக்க வைத்தால், அந்தக் காந்தம் துகளை இழுத்துப் பார்வையைப் பறிக்கலாம். ஆகவே எம்ஆர்ஐக்குப் போகும்போது இரும்பு வேலை செய்பவர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

காது போவது மெல்லத்தான் தெரியும், போனால் திரும்பாது. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம்தான் வரம்பு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் கணக்கு. கிரைண்டர் இரும்பை வெட்டும்போது எளிதாக 100 டெசிபலைத் தொடும், அதன்படி 15 நிமிடம்தான் வரம்பு. காதுக்குள் வைக்கும் பஞ்சுத் தக்கையை நன்றாக உருட்டி உள்ளே விட்டால்தான் அது வேலை செய்யும், வெளியே செருகி வைத்தால் பேருக்குத்தான்.

நுரையீரலைப் பற்றி இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கல், கான்கிரீட், டைல்ஸ் வெட்டும்போது எழும் வெள்ளைப் புகையில் சிலிக்கா என்ற மணல் தாது இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசு கீழே விழுந்துவிடும். தெரியாத நுண்தூசு மணிக்கணக்கில் காற்றில் நின்று நுரையீரலின் ஆழம் வரை போகும். அங்கே வடுவாகி மூச்சைச் சுருக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குத் தீர்வு கிடையாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளை 1995-இலும் சிலிக்கா தூசை 1997-இலும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதியான பட்டியலில் சேர்த்தது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கற்பலகைகளை வெட்டிய இளம் தொழிலாளர்கள் பலர் நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கற்பலகைகளையே தடை செய்தது. முகத்தில் துணி கட்டுவதால் இந்தத் தூசு நிற்காது. என்95 அல்லது அதற்கு மேலான முகமூடி, அதுவும் மூக்கு ஓரம் இடைவெளியில்லாமல் ஒட்டும்படி அணிய வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. தண்ணீர் சொட்டவிட்டு வெட்டும்படி செய்யப்பட்ட மெஷினிலும் உறிஞ்சியோடு வேலை செய்வதிலும் தூசு மூலத்திலேயே அடங்கும். முகமூடியைவிட அதுதான் பெரிய காப்பு. சாதாரண கிரைண்டரின் மேல் கையால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூட்டிப் பெருக்கித் தூசைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அந்த உடையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

நாள் முழுதும் அதிரும் மெஷினைப் பிடித்தால் விரல் நுனி மரத்துக் குளிரில் வெளுக்கும். இதை 1918-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் கல் செதுக்குபவர்களிடம் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்து பதிவு செய்தார். வீட்டு வேலைக்கு அவ்வளவு நேரம் ஓட்டமாட்டீர்கள் என்றாலும், விரல் மரத்துப்போனால் அன்று நிறுத்திவிடுங்கள்.

அடிபட்டுவிட்டால் என்ன செய்வது என்பதை மெஷின் வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். தனியாக வேலை செய்யாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து நேராக, விடாமல் அழுத்துங்கள், கையை உயர்த்துங்கள். விரல் துண்டானால் அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வையுங்கள். துண்டைப் பனிக்கட்டியில் நேராக வைத்தால் திசு உறைந்து கெடும், தண்ணீரில் ஊறப்போட்டாலும் கெடும். எத்தனை மணிக்கு நடந்தது என்று எழுதி, துண்டையும் ஆளையும் ஒன்றாக அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் மகன். ஆசை இருக்கும்போதே கற்றுக்கொடுப்பது நல்லது, தடுத்தால் நீங்கள் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பான். பேட்டரி ட்ரில்லில் முறுக்கு விசையைக் கட்டுப்படுத்தும் கிளட்சைக் குறைவாக வைத்து, கிளாம்ப் போட்ட மரத்தில் துளை போடுவதில் தொடங்கட்டும். அதற்கு அடுத்து உப்புத்தாள் தேய்க்கும் சாண்டர், அது பழகியதும் ஜிக் ரம்பம். உங்கள் பக்கத்தில் நின்றுதான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன், சிக்கினால் இது எந்தப் பக்கம் போகும் என்று அவன் வாயால் சொல்லிவிட்டுத் தொடங்கச் செய்யுங்கள். தவறாகச் சொன்னால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுச் சரியானதைச் செய்து காட்டுங்கள். கிரைண்டரும் வட்ட ரம்பமும் இப்போதைக்கு வேண்டாம். அவற்றை இரண்டு கையாலும் அடக்கும் உடல் வலு வர வேண்டும், சின்ன மெஷின்களில் நீங்கள் நினைவூட்டாமலே கண்ணாடி போட்டு, கிளாம்ப் போட்டு, ப்ளக்கைப் பிடுங்கி பிளேடு மாற்றும் பழக்கம் பல மாதங்களுக்கு நிலைக்க வேண்டும். அதுவரை அந்த இரண்டையும் பூட்டிய பெட்டியில் வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும்.